அளவில் சேராத தண்ணீர்

மண்டபம் ஐஸ் கம்பெனி மாடியில்
பதினொரு கதைகளைத் தரையில் பரப்பி
மின்விசிறிக்குப் பயந்து
ஒவ்வொன்றின் மேலும் ஒரு சோழி வைத்தோம்.
கடைசிக் கதைக்குச் சோழி போதவில்லை.
ஜெரோன்சியாவின் செல்போன் அதன்மேல் உட்கார்ந்து
அடிக்கடி நடுங்கிக்கொண்டிருந்தது.

கணக்கு லேசு என்றார் அறக்கட்டளைக்காரர்.
ஒரு புத்தகம் விற்றால் நாற்பத்தொரு ரூபாய் மிஞ்சும்.
இருபது புத்தகம், ஒரு வடிகட்டி.
ஒரு வடிகட்டி, ஒரு பிள்ளைக்கு ஒரு வாரம்.
"அதனால கொஞ்சம் நல்லா எழுதுங்க" என்று சிரித்தார்.
அதன்பிறகு பத்து நாள்
எனக்கு ஒரு வரி வரவில்லை.

நாங்கள் யாரும் பேர் வாங்கியவர்கள் இல்லை.
நாகூர்கனி விசைப்படகுக்கு டோக்கன் எழுதுகிறவர்.
வில்லாயுதத்துக்குச் சாயல்குடியில் உரக்கடை.
கமர்நிஷா கீழக்கரையில் வரிக்கணக்கு பார்க்கிறாள்,
அவள் கதையில் மட்டும்
தொலைந்த ஆடுகள் எண்ணிக்கை பிசகாமல் திரும்பும்.
ஜெரோன்சியா அந்த வார்டிலேயே நர்ஸ்.
நான் வாலிநோக்கத்தில் உப்பு எடைபோடுகிறேன்.
சாவு வேண்டாம், ஊசி வேண்டாம், பேய் வரலாம்:
எங்கள் விதி இவ்வளவுதான்.

அச்சுக்கு முந்தைய தாள்களை
தர்னிகாவிடம் படிக்கக் கொடுத்தாள் ஜெரோன்சியா.
திருப்பாலைக்குடிப் பிள்ளை. ஒன்பது வயது.
வாரம் இரண்டு நாள், நாலு நாலு மணி நேரம்
இயந்திரத்தோடு கைகோத்துப் படுத்திருப்பவள்.
அவளுக்கு ஒரு நாளைக்கு அறுநூறு மில்லி.
சோடா பாட்டிலில் மார்க்கர் கோடு போட்டு
கோடு கோடாகக் குடிப்பாள்.

தாள்கள் திரும்பி வந்தன.
இருபத்தேழு சிவப்பு வட்டங்கள்.
எழுத்துப்பிழை என்று பதறிப் பார்த்தால்
ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் தண்ணீர்.
ஆவுளியா மேகத்தில் வாய்வைத்து உறிஞ்சுகிறது.
ஆடுகள் ஊருணியில் முட்டிபோட்டுக் குடிக்கின்றன.
பேய்கூட, என் பேய்தான்,
மடக்மடக்கென்று ஒரு குடம் இறக்குகிறது.
நரி கடற்கரை மணலைத் தோண்டி
ஊற்றுக் கண்டு, கொட்டாங்கச்சியில் மொண்டு,
வயிறு முட்ட, வயிறு முட்ட.

"தண்ணியில்லாக் காட்டுக்காரன்
வேற எதைய்யா எழுதுவான்" என்றார் வில்லாயுதம்.
ஒருவரும் சிரிக்கவில்லை.
கீழே ஐஸ் உடைக்கும் சத்தம்.

உட்கார்ந்து அடித்தோம்.
நரிக்கு இளநீர் கொடுக்கலாமா?
"பொட்டாசியம்" என்றாள் ஜெரோன்சியா.
நுங்கு?
"பொட்டாசியமோ இல்லையோ, அதுவும் தண்ணிதான்."
கடைசியில் கருவேல நிழல் ஒன்றைக் கொடுத்து
நரியைப் படுக்க வைத்தோம்.

அடுத்த செவ்வாய் தர்னிகா படித்தாள்.
"நரிக்கு என்னாச்சு?"
நிழல்ல தூங்குதும்மா.
"தாகத்தோடயா?"
கொஞ்ச நேரம் குழாயில் ஓடும் தன் இரத்தத்தைப் பார்த்துவிட்டு
"பழசையே போடுங்கக்கா" என்றாள்.
"வாசிக்கிறப்ப குடிக்கிறது
அளவுல சேராதுல்ல?"

வாந்தியில் போனதையும் விடாமல்
மில்லி மில்லியாகக் குறிப்பவள் ஜெரோன்சியா.
பேனாவை மூடினாள்.
"சேராது."

சிவகாசியிலிருந்து புத்தகம் மினிலாரியில் வந்தது.
அட்டைக் கடல் பாசிப்பச்சையாகிவிட்டது,
நாகூர்கனிக்கு இன்றுவரை வருத்தம்.
முப்பத்துநாலாம் பக்கத்தில் இன்னொரு கோளாறு.
நரிப் படம் அவளிடமிருந்து திரும்பிய தாளில்தான் இருந்தது,
அதையே ஸ்கேன் எடுத்துவிட்டார்கள்.
ஊற்று என்ற சொல்லைச் சுற்றி
கோணல்மாணலாக ஒரு சிவப்பு வட்டம்
எல்லாப் பிரதியிலும் விழுந்திருக்கிறது.

இதுவரை முந்நூற்றுப் பன்னிரண்டு போயிருக்கிறது.
பதினைந்து வடிகட்டி.
பதினாறாவதற்கு எட்டுப் புத்தகம் பாக்கி.

நேற்று எடைமேடையில் ஒரு தூத்துக்குடி டிரைவர்
மகளுக்கென்று கேட்டு, புரட்டிப் பார்த்து,
"அச்சு சரியில்லையே அண்ணே,
பத்து ரூபா குறைங்க" என்றார்.

குறைக்கவில்லை.
உப்பை மட்டும்
ஒருமுறைக்கு இரண்டுமுறை நிறுத்துக் கொடுத்தேன்.
இன்னும் ஏழு.